புது எண்

பக்கத்து வீட்டு வேதாவின் ஓரகத்தி தம்பி வேலை பார்க்கும் ஆபீசில் யாரோ ஒருத்தருக்கு நடந்ததாம். ஏடிஎம் கார்டு அவர் பர்சிலேயே இருக்க, அதே மாதிரி இன்னொன்று செய்து பணத்தை வழித்து எடுத்துவிட்டார்களாம். "நம்பர் தெரிஞ்சவங்க கையில கார்டு அஞ்சு நிமிஷம் இருந்தா போதுமாம் மாமி," என்று சொல்லிவிட்டு, கேட்க வந்த கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வேதா போய்விட்டாள். காமுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

காமு குரோம்பேட்டையில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் தோள்பட்டை அசைவதை வைத்தே யார் காப்பி அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்று ஊரப்பாக்கத்தில் வீடு கட்டி வந்த கையோடு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அவள் பென்ஷன் வரும் வங்கிக்கோ தாம்பரத்தில்தான் ஏடிஎம். எதிர்வீட்டு ஹில்டா அங்கே ஒரு கண் டாக்டரிடம் வேலை பார்த்தாள். மாதம் பிறந்தால் தெருவில் மூன்று வீட்டுக் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டு டிபன் பையில் எடுத்துப் போவாள். மூன்று ரகசிய எண்ணும் அவளுக்கு மனப்பாடம். சாயங்காலம் நோட்டுக்குள் ரசீதை மடித்துவைத்துக் கொடுப்பாள். இந்த 2006 வரை நாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

போன மாதம் ரசீது இல்லை. "மெஷின்ல பேப்பர் தீந்துடுச்சு மாமி." பாஸ்புக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. அப்படிச் சரியாக இருந்ததே காமுவை உறுத்தியது. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து மகன் ஸ்ரீவத்சன் போன் செய்தான்.

"பின் நம்பரைப் போய் வெளி ஆள்கிட்ட யாராவது சொல்லுவாளாம்மா?"

"ஹில்டாடா. அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ கூடவே இருந்தாளே."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

வியாழனன்று முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்க ஆட்டோவில் தாம்பரம் போனவள், கணவர் பட்டாபிராமனை வாசலில் காவல் வைத்துவிட்டு ஏடிஎம்மில் எண்ணை மாற்றினாள். இனி கார்டு தரப்போவதில்லை. கால் தேவலை, நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

ஒன்றாம் தேதி எட்டேகாலுக்கு ஹில்டா கேட்டருகே நின்றாள். "கார்டு குடுங்க மாமி. எக்ஸ்ரேல இன்னா சொன்னாங்க? நிக்கவே முடியல உங்களால. மாமா, இவங்கள மாடி ஏற விடாதீங்க."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற காமுவுக்குத் தயாராய் வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. எண்ணை மாற்றியதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். கார்டைக் கொடுத்துவிட்டாள்.

ஹில்டா தெருமுனை திரும்பியதும் பட்டாபிராமன் பேப்பரை மடித்தார்.

"புது நம்பரைச் சொன்னியோ?"

"இல்லை."

"பின்னே எதுக்குடி குடுத்தே?"

"பணம் வராது, கார்டைத் திருப்பிக் கொண்டுவந்துடுவா. பேங்க்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

"பேஷ். மூணு தடவை தப்பா அடிச்சா மெஷின் கார்டை முழுங்கிடும், கணக்கு டீச்சரே. க்யூவில நிக்கறவா அவளை என்னன்னு நினைப்பா?"

ஹில்டாவை முதலில் அப்படி நினைத்தது க்யூவில் நிற்பவர்கள் அல்லவே.

ஒன்பது ஐந்துக்கு செல்போன் அடித்தது. திரையில் ஹில்டாவின் பெயர். எடுத்தால் புது எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது மாற்றிய காரணத்தை. அடித்து ஓய்ந்தது, உடனே மறுபடி அடித்தது.

"எடேன்," என்றார் பட்டாபிராமன்.

காமு ஈரமில்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.