இடது ஓரத்து நீலப் பாவாடை

மலேசியாவில், ஈஜோக்கில் பெரியப்பா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்த வீடியோ கேசட் இன்னும் நிற்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி கெட்டுப்போய் எத்தனையோ வருடங்களாயிற்று. ஆனாலும் கேசட்டின் மேல் பொட்டுத் தூசி இருக்காது. பெரியம்மா துடைத்து வைப்பார்.

பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்குப் பார்த்த கிராணி. அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு, ஓய்வு பெற்ற பின்னும் அவருக்கு இறங்கவில்லை. கேசட்டில் இருந்தது ஆடலும் பாடலுமான பழைய ஹாலிவுட் படம். தீபாவளிக்கு வருகிறவர்கள் முறுக்கோடு அதையும் விழுங்கியாக வேண்டும். சந்தைக் காட்சியில் எல்லோரும் ஆடத் தொடங்கியதும் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஏய், வந்து பாரு லா. ஒன் நீலப் பாவாடைக்காரி வந்துட்டாளா?"

பெரியம்மா சிறுமியாக இருந்தபோது அவருடைய டீச்சர் கிள்ளான் டவுனுக்குக் கூட்டிப்போய் அதே படத்தைத் தியேட்டரில் காட்டியிருக்கிறார். அந்தச் சந்தையில், திரையின் இடது ஓரத்தில், நீலப் பாவாடை கட்டிய ஒருத்தி தலைக்கு மேல் கூடையைச் சுழற்றி, கதாநாயகியைவிட அழகாக ஆடினாளாம். கேசட் வந்த அன்று, "அவளக் காணோமே" என்று பெரியம்மா நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். கிராணி வாங்கி வந்த படத்தில் குறையா? அன்று பிடித்தது சனி. ஒவ்வொரு தீபாவளிக்கும் பெரியம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்று, "இல்லைங்க" என்று சொல்லும்வரை பெரியப்பா விடமாட்டார். கூடமே சிரிக்கும். போகப் போகத் தோட்டத்தில் பெரியம்மாவுக்கு நீலப் பாவாடை என்றே பெயர் விழுந்தது. பெரியம்மா தன் கண்ணை நம்பிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதையும் பிடுங்கிக்கொள்ளாமல் பெரியப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை.

அகலத் திரைக்கு எடுத்த படத்தை, அந்தக் காலத்துச் சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டித்தான் கேசட்டில் போட்டார்கள் என்பது எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. போன தீபாவளிக்கு, முழு அகலத்தோடு புதிதாக வந்த டிஸ்க்கை வரவழைத்து, பிளேயரையும் தூக்கிக்கொண்டு போனேன். பெரியப்பா முகத்தில் கரி பூச வேண்டும் என்று எனக்கு ஆசை. மறைப்பானேன்? ஆனால் அதற்குள் இனிப்புநீர் வியாதி பெரியம்மாவின் இரண்டு கண்களையும் தின்றுவிட்டிருந்தது.

"மேலயும் கீழயும் கறுப்பா இருக்கு. படத்த வெட்டிப்புட்டான்," என்றார் பெரியப்பா. சந்தை வந்தது. இடது ஓரத்தில் நீலப் பாவாடை சுழன்றது. தலைக்கு மேல் கூடை.

பெரியம்மா பாட்டை வைத்தே இடத்தைக் கண்டுகொண்டார். நாற்காலி நுனிக்கு நகர்ந்து, "இருக்காளாங்க?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, அவரிடம்தான் கேட்டார்.

பெரியப்பா பார்த்தார். அவள் போன பக்கமெல்லாம் அவர் கண் போனதை நான் பார்த்தேன்.

"எவளும் இல்ல," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் பெரியம்மா! இருக்கா. இடது பக்கம். கூடையச் சுத்திக்கிட்டு ஆடுறா!"

பெரியம்மா கையை நீட்டித் துழாவி என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்ற. நல்ல புள்ள. இல்லாதவ எங்கேருந்து வருவா?"

பெரியப்பா டிவியை அணைத்தார். "ஆளுங்க வர்ற நேரம். அந்தக் கேசட்டத் தொடச்சியா?"

பெரியம்மா எழுந்தார். சுவரைத் தடவித் தடவி அலமாரிக்குப் போய், கேசட்டை எடுத்து, முந்தானையால் நாலு பக்கமும் துடைத்து, இருந்த இடத்திலேயே நேராக நிறுத்தினார்.