பாழுங்கிணறு என்று எழுதிக்கொண்டார்கள்

என் கிணற்றைப் பாழுங்கிணறு என்று மூத்தார் சொன்னபோது நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். காதில் தெளிவாக விழுந்தது. வெளியே வந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

மூத்தார் என்றால் என் புருஷனின் அண்ணன். எங்களில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரில் நிற்கமாட்டாள், முகம் பார்த்துப் பேசமாட்டாள். அவரும் அவளிடம் பேசமாட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன். ஏதாவது சொல்லவேண்டும் என்றால் புருஷனிடம் சொல்லுவேன், அவர் அண்ணனிடம் சொல்லுவார். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வழியும் அடைத்துப்போயிற்று. எனக்கு வேற்று ஆளிடம் வாயைத் திறப்பதே பெரிய பாடு.

செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் எங்கள் ஊர். மாசி மாதம் ஜீப்பும் துளைபோடும் டிராக்டரும் வந்தன. பூமிக்கு அடியில் எண்ணெய், கேஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். குழி போட்டு வெடி வைப்பார்கள். சத்தம் கீழே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். வயல் நெடுக ஒயர் இழுத்து, ஆணி வைத்த சின்னச் சின்னப் பெட்டிகளை மண்ணில் குத்தி வைத்திருந்தார்கள். திரும்பி வருகிற சத்தத்தை அவை பிடித்துக்கொடுக்க, அதை வைத்துக் கம்ப்யூட்டரில் பாறை எப்படிப் படுத்திருக்கிறது என்று படம் போடுவார்களாம். போடட்டும், எனக்கென்ன. ஆனால் குழிக்கு அடையாளமாக நட்ட ரிப்பன் குச்சி ஒன்று என் கிணற்றுக்குப் பதினைந்தடியில் நின்றது.

புழங்குகிற கிணறு இருந்தால் குழியைத் தள்ளித்தான் போடவேண்டுமாம். தள்ளினால் அடுத்தது மூத்தாரின் வேர்க்கடலை. விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். ஜீப்பில் வந்த இன்ஜினீயர் கிணறு புழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டதும் அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அது பாழுங்கெணறு சார். எந்தக் காலத்துலயோ வுட்டாச்சி. நீங்க பாட்டுக்குப் போடுங்க."

கிணற்று மோட்டார் எரிந்துபோய்க் காயில் கட்டப் போயிருந்தது; கயிறு போட்டுத்தான் இறைத்துக்கொண்டிருந்தேன். அதனால் பார்க்கிறவர்களுக்குப் பாழாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் இன்ஜினீயர் படித்தவர், இரண்டு எட்டு வைத்து உள்ளே எட்டிப் பார்க்கலாம் இல்லையா? பார்க்காமலே எழுதிக்கொண்டு போனார். போன மழையிலேயே கிணற்றில் ஒரு பக்கத்துக் கல் விட்டுப்போயிருந்தது. வெடி அதிர்ந்தால் மொத்தமும் சரிந்துவிடும். இரண்டு மாடு, அரை ஏக்கர் கத்தரி, என் குடிதண்ணீர் எல்லாம் அதில்தான்.

வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் நான் ஒரு வேலை செய்தேன். மறுநாள் விடிந்ததும் அந்தக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஏரிக்கரை ஓரம் நட்டுவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று கூழ் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கையில் இடம் காட்டும் கருவி வைத்திருந்தவன் அதைப் பார்த்தான், ஏரிக்கரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னா ஆயா, குச்சிய நட்டா எடம் கூடவே நடந்து வருமா? இது சேட்லைட்ல ஏறிப்போச்சி."

"ஆயா தனியா சர்வே எடுத்துகினு கீது, வுட்ரா" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். குச்சி பழைய இடத்துக்கே வந்தது. வரப்பில் நின்றிருந்த மூத்தாரும் சிரித்தார். சிரித்துவிட்டு இன்ஜினீயரிடம், "அதுக்கு இன்னா தெரியும் சார், நீங்க வேலயப் பாருங்க" என்றார்.

அது! மாட்டைச் சொல்வதுபோல.

டிராக்டர் உறுமத் தொடங்கியது. நான் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, அவர் எதிரில் போய் நின்றுவிட்டேன். 

"எதுக்கு மாமா பொய் சொன்னீங்க? உங்க போர் தண்ணி உப்புன்னு நேத்து காத்தாலகூட இதுலேர்ந்துதான உங்க வூட்டுக்கு ரெண்டு கொடம் போச்சி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பொம்பளைங்ககிட்ட நான் பேசறதில்ல சார்" என்று இன்ஜினீயரிடம் சொன்னார். அப்போதும் அந்தப் பேசாத மரியாதை அவருக்குத்தான் துணைக்கு வந்தது.

இன்ஜினீயர் இப்போதுதான் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஈரக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எழுதியதை அடித்தார். தன் கடலையில் குழி வந்துவிடும் என்று மூத்தார் பதறிப்போய் ஏதோ சொல்லவந்தார்.

"எங்கயும் வேணாம்யா" என்றார் இன்ஜினீயர். "இந்த ஒண்ண விட்டுட்டு அடுத்ததுக்குப் போறோம். ரெண்டு பக்கமும் கெடைக்கிறத வெச்சே இந்த எடத்துப் பாறையும் தெரிஞ்சிடும். ஒண்ணு கொறஞ்சா ஒண்ணும் ஆயிடாது."

அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவுதானா? முதல்நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் கடலைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கொட்டகைக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்திருந்தால் இத்தனை பேர் சிரிக்கிறபடி குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கவும் வேண்டாம்.

அன்று மத்தியானம் தூரத்தில் வெடி வைத்தார்கள். உள்ளங்காலில் தரை ஒருமுறை விதிர்த்தது. கிணற்றடியிலேயே நின்று பார்த்தேன். ஒரு கல்லும் விழவில்லை.

மறுநாள் காலை மூத்தார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, குடங்களோடு வந்தாள். பாவம், அவள் என்ன செய்வாள். நிரப்பிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "நாளையிலேர்ந்து மாமாவயே வந்து கேட்டு எடுத்துகினு போவச் சொல்லுக்கா" என்றேன்.

அவர் வரவில்லை. அவளையும் அனுப்பவில்லை. உப்புத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். குடிக்கட்டும்.