காரமில்லாத டப்பாச் சோறு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். இந்தப் பத்திக்கு விஷயம் கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத் தெருமுனையில் மீன் விற்கும் கன்னியம்மா எங்கள் ராயபுரம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் கூடை இல்லை. ஒரு கையில் என் மகள் விஜயாவின் டிபன் டப்பா. இன்னொரு கையில் விஜயாவே!

"பள்ளிக்கூடத்தாண்ட தல சுத்தி குந்திகிச்சு நைனா. ஒரு மாசமா தன் சோத்த எனக்கில்ல குடுத்துகினு கீது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பா தினமும் காலியாக வருகிறது, பெண் தேறிவிட்டாள் என்று இதே பத்தியில் பெருமையடித்துக்கொண்டவனாயிற்றே நான்!

விஜயாவுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருஷமாகக் குடலில் வியாதி. "இது கூடவே இருக்கும். இதோடு படிக்கலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் குழைய வடித்த, காரமில்லாத சோறு.

"நீ ஏம்மா வாங்கித் தின்னே?" என்று கன்னியம்மா மேல் பாய்ந்தேன்.

"வேண்டுதல்னு நென்ச்சேன். இன்னா வேண்டுதல்னு கேட்டா பலிக்காது, வேணான்னா சாமி குத்தம். காரமே இல்லாத சோறு வேற... நேர்ந்துகினு குடுக்குதுன்னு வாய மூடிகினு துன்னேன்."

விஜயாவின் பக்கம் திரும்பி, "ஏம்மா இப்படி?" என்றேன்.

விஜயா மெதுவாகச் சொன்னாள்: "வயிறு காலியா இருந்தா கிளாஸ்ல கை தூக்க வேண்டாம்ப்பா."

அவள் வகுப்பில் வெளியே போகவேண்டுமானால் கை தூக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை தூக்கினால் நாற்பது பெண்களும் திரும்பிச் சிரிப்பார்களாம்.

"வியாதின்னு டீச்சர்கிட்ட சொல்றதுதானே?"

"நீங்கதானே யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க?"

ஆமாம், சொன்னேன். நாளைக்கு வரன் பார்க்கும்போது நாலு பேர் பேசுவார்களே என்ற அசட்டுப் பயம். குழந்தை பட்டினி கிடந்தது என் கௌரவத்துக்காக. வெட்கமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் இருவரும் பள்ளிக்கூடம் போனோம். வழியெல்லாம் நான் ஒரு பிரசங்கம் தயார் செய்துகொண்டு வந்தேன். தலைமையாசிரியை முன்னால் தொண்டையைக் கனைத்ததுதான் தாமதம் – விஜயா முந்திக்கொண்டாள்.

"எனக்குக் குடல்ல வியாதி, டீச்சர். சட்டுன்னு போகவேண்டியிருக்கும், கேட்டுகிட்டு நிக்க முடியாது. கதவோரத்துல இடம் குடுங்க."

அவள் குரல் நடுங்கவில்லை. என் பிரசங்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"கேட்காமலே போயிட்டு வா. இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றபடி அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வியாதியை மறைக்க நாம் படுகிற பாடு இருக்கிறதே... அதில் பாதி பட்டால் போதும், அதோடு நன்றாகவே வாழ்ந்துவிடலாம்.

டப்பா இப்போதும் காலியாகத்தான் வருகிறது. ஒரு முறை ஏமாந்தவன் சும்மா இருப்பானா? நேற்று கன்னியம்மாவை மடக்கிக் கேட்டேன்.

"ஒரு பருக்க குடுக்கல நைனா. என் எதிர்க்கவே குந்திகினு அல்லாத்தையும் அதுவே துன்னுது" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

இன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு டப்பா கட்டுகிறோம். கன்னியம்மாவுடையதில் காரம் உண்டு.