கல்பனா வைத்த பாஸ்வேர்டு

வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில், ஏணிமேல் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். கடை முதலாளி போனில் சொன்னார்: "பாபு, கல்பனா போயிட்டாடா." மஞ்சள் காமாலை என்று பத்து நாளாக லீவில் இருந்தவள். எங்கே போனாள் என்று கேட்டேன். "சாயங்காலம் எடுக்கறாங்க" என்றார். இறங்கிவிட்டேன். கேபிள் பாதியில் தொங்கியது.

எங்களிடம் ரவுட்டர் வாங்கிய உங்களில் பலர் அவளைப் பார்த்ததே இல்லை. நெட் வரவில்லை என்று போன் செய்தால் கேட்கும் குரல் அவளுடையது. தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்கு வந்து திட்டு வாங்கும் ஆள் நான். இருவருக்கும் ஒரே வயது. அவள் டிப்ளமோ முடித்தவள், நான் இரண்டாம் வருடத்தில் விட்டவன். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. என் அவசரத்தைத்தான் சொல்லிக் காட்டினாள்.

சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, நெட் வரவில்லை என்று யாராவது கத்தினால் நிதானமாகச் சொல்வாள்: "அந்தக் கோடெல்லாம் உங்க கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுலதாங்க. வெளியிலிருந்து நெட்ட கொண்டாறது மோடம். அதுல எந்த லைட்டு எரியுது, சொல்லுங்க." பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். நானோ எடுத்த எடுப்பில் ரீசெட் பட்டனைக் குத்துவேன். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். மூன்று வீடுகளில் அப்படிச் செய்ததும், "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா நின்னுடு" என்றார் முதலாளி.

மறுநாளே ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதி. எத்தனை முறை அடித்தாலும் பாஸ்வேர்டு தப்பு என்றது.

"ஏம்பா, நேத்துதானே போட்டுட்டுப் போன? ரெண்டு பேர் ரூம காலி பண்றேன்னு நிக்கிறாங்க. உங்க மொதலாளிக்கு போன் போடட்டா?" என்றார் விடுதிக்கார அம்மா.

ரீசெட் அடிக்க ஊசியை எடுத்துவிட்டேன். அதற்குள் கடையிலிருந்து கல்பனா போனில் கூப்பிட்டாள்.

"பொறுடா. லிஸ்ட்டுல எத்தனை அருணாசலா இருக்கு?"

எண்ணினேன். ஐந்து. அருணாசல மலையடியில் இருக்கும் நம் ஊரில் நெட்வொர்க்குக்கு வேறு பெயர் யார் வைக்கிறார்கள்? இங்கிலீஷில் எழுதும்போது ஒருவர் ஒரு 'ஏ' ஜாஸ்தி போட்டிருந்தார், இன்னொருவர் 'ஹெச்'சை விட்டிருந்தார்.

"அதுல உன்னுது எது?"

"தெரியல."

"ரவுட்டர ஆஃப் பண்ணு. எந்த அருணாசலா காணாம போவுதோ, அதான் உன்னுது."

ஒன்று மறைந்தது. அதுவரை நான் தட்டிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு நெட்வொர்க்கை. திரும்ப ஆன் செய்து, சரியானதில் அடித்தேன். வந்துவிட்டது. அந்த அம்மா காபி கொடுத்தார்.

கல்பனா முதலாளியிடம் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து எல்லா வீட்டுப் பெயரோடும் கதவு எண்ணைச் சேர்க்கச் சொன்னாள். கடை ரவுட்டருக்கு மட்டும் எண் இல்லை. மறுநாள் பார்த்தால் அதன் பெயர் 'அவசரக்குடுக்கை'. பாஸ்வேர்டு, 'கொஞ்சம்பொறு'.

போன வாரம் அந்த ரவுட்டர் கெட்டுப்போனது. புதியதற்குக் கடைப் பெயரை வைக்கச் சொன்னார் முதலாளி. நான் பழையதையே அடித்தேன், அவள் போட்ட அதே ஸ்பெல்லிங்கில். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

நேற்று லேப்டாப்போடு வந்த ஒருவர் பாஸ்வேர்டு கேட்டார்.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

அவர் முறைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதுதான் பாஸ்வேர்டு என்று சொல்லியிருக்க வேண்டும். எதிர் நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன்.