தங்கசாமி நீட்டிய பறை

என் அம்மா பிறந்த ஊர் கமுதிக்குத் தெற்கே ஐந்து மைலில் இருக்கிறது. அந்த ஊரில் நான் பார்த்த அத்தனை சாவுக்கும் தங்கசாமி பறையடித்திருக்கிறார். பாடைக்கு முன்னால் அவர் போவார், பின்னால் நான் போவேன். அப்படியிருந்தும் 1963ஆம் வருஷம் ஐப்பசியில் ராணுவ முகாமில் எதிரெதிரே நின்றபோது எனக்கு ஆளைத் தெரியவில்லை. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பறையடிக்கிறவர் முகத்தை எங்கள் வீட்டில் எவன் பார்த்தான்? அவருக்கு என்னைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பெரிய வீட்டு உமையாள் மகன் சோணைமுத்து என்று. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரே வயது, ஒரே கூடாரம். வா போ என்றுதான் பேசிக்கொண்டோம். அந்த உரிமையை நான் பிறகு கெடுத்துக்கொண்டேன். ஆகவே இங்கே அவர் என்றே எழுதுகிறேன்.

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். போனவர்களையெல்லாம் பனிமலைக்கு அனுப்பினார்கள் என்று கேள்வி. எங்களை அனுப்பியது தனுஷ்கோடிக்கு இப்பால் ஒரு மணல் திட்டுக்கு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் பத்துக் கூடாரம், நாற்பது பேர். குடிதண்ணீர் ரயிலில் வந்தது. போகிற வருகிற படகைப் பார்த்து எழுதிவைப்பதுதான் வேலை. எந்த எதிரி அந்த மண்ணைப் பிடிக்க வருவான் என்று எங்கள் பஞ்சாபி கேப்டனுக்கே தெரியாது. காற்று மட்டும் நாள் முழுக்க மணலை வாரிச் சோற்றில் போட்டது. தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர். தபாலும் காகிதமும் பார்க்கிற நான், ஜீப் ஓட்டுகிற கீழக்கரை ஹமீது சுல்தான், காவல் கோபுரத்தில் நிற்கிற தங்கசாமி.

என்னிடம் கம்பியும் கட்டையும் வைத்த புல்புல்தாரா ஒன்று இருந்தது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் வாங்கி, கட்டைகளைத் தட்டித் தட்டி நானாகக் கற்றுக்கொண்டது. ஹமீது தர்கா கந்தூரி ஊர்வலத்தில் தட்டுகிற தப்ஸை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்ட வாத்தியம் அது. மாலையில் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து வாசிப்போம். உப்புக்காற்றில் என் கம்பி துருப்பிடித்தது, அவர் தோல் தொளதொளத்தது. இருந்தாலும் விடவில்லை. தங்கசாமி தள்ளி உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

ஒருநாள் ஹமீது தப்ஸைச் சமையல்கட்டு அடுப்புக் கரிமேல் நேராகக் காட்டிவிட்டார். அந்தப் பக்கம் வந்த தங்கசாமி பாய்ந்து அதைப் பிடுங்கினார். தோல் கருகினால் அப்புறம் எதற்கும் ஆகாது என்று கத்தினார். அவரே காய்ந்த பனையோலை பொறுக்கி வந்து கொளுத்தினார். தப்ஸைத் தூக்கிப் பிடித்து, அனல் மட்டும் படும்படி சுற்றிச் சுற்றிக் காட்டினார், நகத்தால் தட்டிக் காது கொடுத்தார், மறுபடி காட்டினார். தோல் இறுகியதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் விரலை வைத்தார். கை நிற்கவில்லை. நாலு வீடு தள்ளிக் கிடக்கிற நோயாளியும் எழுந்து உட்காருகிற மாதிரி ஓர் அடி அடித்தார். பிறகு திருடி மாட்டிக்கொண்டவர் போலத் தப்ஸைக் கீழே வைத்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

ஒரு வாரம் அவரை விடாமல் அரித்தோம். முதலில் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிறகு மறந்துபோச்சு என்றார். எனக்குத் தாளம் நிற்காது, ஆள் இல்லாமல் திண்டாடுகிறேன் என்று ஹமீது கெஞ்சினார். எட்டாம் நாள்தான் தங்கசாமி வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

"இங்கன யாரும் சாகல. அதனால அடிக்கிறேன். ஊருக்கு மட்டும் தெரியக்கூடாது."

காரணத்தையும் சொன்னார். அவர் ராணுவத்தில் சேர்ந்ததே பறையை விடுவதற்காகத்தான். கூலி இல்லை, விருப்பம் கேட்பதில்லை, முறையாக அழைப்பதுமில்லை. சாவு விழுந்தால் ஆள் வந்து தெருமுனையில் நின்று ஒரு சத்தம் கொடுப்பான். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போக வேண்டும், சட்டையைக் கழற்றிவிட்டு அடிக்க வேண்டும். அவர் பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது ஊர்த்தலைவரான அம்பலம் அவருடைய அய்யா மலையாண்டியைக் கூப்பிட்டுக் கூட்டத்தில் நிறுத்தினார். உன் மகன் இனி எங்கும் கொட்டுத் தொடமாட்டான் என்றால் போகட்டும், வேறெங்காவது அடித்தான் என்று தெரிந்தால் இங்கேயும் வந்து அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடிசையைக் காலிசெய்ய வேண்டும் என்று சொல் வாங்கிக்கொண்டார். குடிசை இருந்த இடம் அம்பலத்துடையது. அந்தக் குடிசையில்தான் மலையாண்டியும் தங்கசாமியின் சம்சாரம் பூமயிலும் இருந்தார்கள்.

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். அது எங்கள் அம்மா ஊராச்சே என்று நான் குதித்தேன்.

"தெரியும்" என்றார். "சொல் வாங்குனது உன் மாமன்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சீக்கிரமே சரியாகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வெட்கம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று அம்மாமேல் ஆணையிட்டேன்.

அதன்பிறகு அந்த மணல் திட்டு வேறு இடமாகிவிட்டது. ராமேஸ்வரத்தில் ஓர் ஆசாரியிடம் வேப்பங்கட்டையில் பறைக்குச் சட்டம் செய்து வாங்கினோம். முகாம் சமையலுக்கு அறுத்த ஆட்டின் தோலைத் தங்கசாமி பதம்பார்த்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினார். பறை, தப்ஸ், புல்புல்தாரா மூன்றும் சேர்ந்த கச்சேரி உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பஞ்சாபிகள் ஆடினார்கள், கேப்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். தங்கசாமி சிரிப்பதை அப்போதுதான் பார்த்தேன். கேட்டு வாங்கி அடிக்கிற அடிக்கு இப்படி ஒரு ருசி இருக்கும் என்று தெரியாமல் போச்சே என்று ஒருநாள் சொன்னார்.

எனக்கும் பறை கற்றுக்கொடுத்தார். இடக்கையில் நீளக்குச்சி, வலக்கையில் குட்டைக்குச்சி. தோளில் வார் மாட்டிவிட்டு, என் பின்னால் நின்று இரண்டு மணிக்கட்டையும் பிடித்து அடிக்கவைத்தார். கை கொப்பளித்தது. இரண்டு மாதத்தில் நாலைந்து தாள அடவு சுத்தமாக வந்தது. எங்கள் வகையறாவில் பறையைத் தொட்ட முதல் ஆள் நான்தான் என்று எனக்குப் பெருமை வேறு. பெரிய தியாகி.

பொங்கலுக்கு லீவில் வந்து அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா மகன் உக்கிரபாண்டியோடு பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டேன். முகாமைப் பற்றி அளக்க ஆரம்பித்தவன், அளந்துகொண்டே போய், உங்கள் ஊர்க்காரன் தங்கசாமி அடிக்கிற அடிக்குப் பஞ்சாபியெல்லாம் ஆடுகிறான் மச்சான், அவனுக்கு என்ன கை தெரியுமா என்று சொல்லிவிட்டேன். புகழ்ந்துதான் சொன்னேன். இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். புகழ்ந்தேனாம். ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு காரியத்தைக் காப்பாற்றத் துப்பில்லாதவனுக்குப் புகழ்ச்சி ஒரு கேடு. உக்கிரபாண்டி சோற்றைப் பிசைந்தபடியே, அப்படியா, அடிக்கிறானா என்று மட்டும் கேட்டான். அவனும் சந்தோஷப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் எனக்குத் தந்தி வந்தது. மாமா காலமானார், உடனே வா, தங்கசாமியையும் கூட்டி வா.

கடைசி மூன்று வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹமீது என் கையிலிருந்து தந்தியை வாங்கிப் படித்தார். அவர் கோபப்பட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"நீ புல்புல்தாரா வாசிப்பேன்னு ஊர்பூராச் சொன்னாலும் உன்ன எவனும் சாவு வீட்டுக்கு இழுக்கப்போறதில்ல. அவனச் சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? தெரியும். உனக்கு அது பெருசாத் தெரியல, அவ்வளவுதான்."

தங்கசாமிக்கு விஷயம் முன்பே தெரியும். அடுத்த சாவுக்கு மகன் வந்தாக வேண்டும் என்று மலையாண்டியை மிரட்டியதைப் பூமயில் எழுதியிருந்தாள். யார் சொல்லி ஊருக்குத் தெரிந்தது என்று அவள் எழுதவில்லை. அதை என் பெயருக்கு வந்த தந்தி சொல்லிவிட்டது. தங்கசாமி என்னைத் திட்டவில்லை. ஹமீதிடம் தனியாக ஏதோ பேசினார், கேப்டனிடம் லீவு கேட்டார், உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். ராமநாதபுரம் வரை ரயிலிலும் கமுதி வரை பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். பாம்பன் பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது, நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கடலைப் பார்த்தபடி இருந்தார். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை. மாமா வீட்டு வாசலில் பந்தல், பந்தலுக்குள் பாடை தயார். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம், மாரடித்து அழுகிற பெண்கள் ஒரு பக்கம். நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மருமகன் முறைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தங்கசாமி ராணுவ உடுப்போடு, தொப்பியோடு வந்து பந்தலுக்கு வெளியே நின்றார். பின்னால் மலையாண்டி பழைய பறையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

உக்கிரபாண்டி எழுந்து, சட்டையைக் கழற்றிவிட்டு அடிக்கச் சொன்னான். தங்கசாமி சட்டையைக் கழற்றவில்லை. ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். அவசரப்படவில்லை. நகத்தால் தட்டிக் காது கொடுத்தார், மறுபடி காட்டினார். வழிக்கு வந்துவிட்டான் என்று ஒரு பெரியவர் என் காதருகே சொல்லிச் சிரித்தார். பறை கணீரென்று ஆனதும் தங்கசாமி அதை எடுத்துக்கொண்டு நேராகப் பந்தலுக்குள் வந்தார். பாடையைத் தாண்டி என்முன் வந்து நின்றார்.

"உங்களுக்குக் கொட்டுதானே வேணும். சோணைமுத்து நல்லா அடிப்பான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மாமனுக்கு மருமகன் அடிச்சாப் பெருமைதானே. சோணைமுத்து, இந்தா."

அந்த ஊரில் பறையடிக்கிற தெருக்காரர் ஒருவர் எங்களில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அழுகை நின்றுவிட்டது. அத்தனை கண்ணும் என்மேல். பறை என் மடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, அனல் முகத்தில் அடித்தது. பெண்கள் பக்கமிருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

"அய்யா, தொட்டுறாதடா."

உக்கிரபாண்டி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். முகாமில் தினமும் ஆசையாசையாகத் தோளில் மாட்டிக்கொண்ட அதே வாத்தியம். எழுந்து வாங்கி நாலு அடி அடித்திருந்தால் போதும். என்னைக் கொன்றிருப்பார்களா? ஒதுக்கிவைத்திருப்பார்கள். நான் சம்பளக்காரன், எனக்கு அதனால் என்ன? இத்தனையும் இன்றைக்கு நன்றாகத் தெரிகிறது. அன்று என் இரண்டு கையும் தொடைமேல் கிடந்தன, எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

பத்து எண்ணுகிற நேரம் தங்கசாமி நீட்டியபடியே நின்றார். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஆசைப்பட்டுக் கத்துக்கிட்டவனே தொடமாட்டேங்கிறான். நான் எதுக்குத் தொடணும்?"

பறையை அய்யாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். பூமயில் தெருமுனையில் மூட்டையோடு நின்றாள். மூன்று பேரும் கமுதிச் சாலையில் நடந்தார்கள். சண்டை முடிந்து அதிக நாள் ஆகாத அந்தக் காலத்தில் ராணுவ உடுப்பில் இருந்தவரைத் தொட எவனுக்கும் தைரியமில்லை. குடிசையைத் தொடுவதற்கு மட்டும் எல்லோருக்கும் தைரியம் இருந்தது. கொட்டு இல்லாமல் மாமாவைத் தூக்கிப்போய் எரித்துவிட்டுத் திரும்பியதும் உக்கிரபாண்டியும் நாலு பேரும் போய் அதைப் பிரித்து எறிந்தார்கள். நான் ஈர வேட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவனையும் தடுக்கவில்லை.

பதினாறு முடிந்து முகாமுக்குத் திரும்பினேன். ஹமீதின் குடும்பம் கீழக்கரையில் தங்கள் தென்னந்தோப்பில் மலையாண்டிக்கும் பூமயிலுக்கும் இடம் கொடுத்திருந்தது. தங்கசாமி ஹமீதிடம் தனியாகப் பேசியது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. என்னிடம் உதவி கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்ற வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் வாசிக்கிற சத்தம் கேட்டது. தங்கசாமி அத்தனை உரக்க அடித்து நான் கேட்டதில்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. புல்புல்தாராவை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன். உன் கையால் என்னை அடி என்று சொல்லத்தான் போனேன், துருக் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றேன். ஹமீது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கசாமி அடிப்பதை நிறுத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். பறையை மணலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். கவிழ்ந்து கிடந்த பறையில் மண் ஏறுகிறதே என்று பழக்கதோஷத்தில் அதை எடுக்கக் கை நீட்டினேன்.

"புல்புல்தாராவ வாசி, சோணைமுத்து. இதத் தொடாத."

கோபமாகச் சொல்லவில்லை. மாற்றல் வரும்வரை எட்டு மாதம் அப்படியே சேர்ந்து வாசித்தோம்.