பதிலாள்

பழைய கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவிய மஞ்சளுக்கு, மாதக்கணக்கில் போகாத ஒரு வாசம் உண்டு. எட்டாம் வகுப்பில் எங்களுக்குச் சம்பளமாகக் கிடைத்த வில்லைகளில் அந்த வாசம்தான் அடித்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் டீச்சர், வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பத்திரிகைகளை வட்டமாக வெட்டி வகுப்புக்கென்று ஒரு காசு உண்டாக்கியிருந்தார். கரும்பலகை துடைப்பது, குடத்தில் தண்ணீர் நிரப்புவது, வருகைப் பதிவு எழுதுவது என்று ஒவ்வொன்றும் ஒரு வேலை. வாரக் கடைசியில் கிடைக்கும் வில்லைகளைக் கொடுத்துப் பேனாவோ ஜன்னலோர இடமோ வாங்கிக்கொள்ளலாம்.

"வேலை வேணும்னா வந்து கேளுங்க" என்று முதல் நாள் டீச்சர் சொன்னதும், நாங்கள் ஒருவரும் வாயைத் திறக்காமல் சுவரோரம் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் நீட்டினோம். டீச்சர் பதறிவிட்டார். "ஐயோ, நான் யாரையும் அடிக்கப் போறதில்லப்பா!"

"அடி வாங்க இல்ல டீச்சர், வெரலப் பாருங்க" என்றான் முருகன். "நல்லா வேல செய்யும்."

கம்பத்தை ஒட்டிய எங்கள் ஊரில் வேலை கேட்பது அப்படித்தான். மேட்டுக்கு, அதாவது மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு, ஆள் ஏற்றிப்போகும் ஜீப் விடியுமுன்னே தெரு முக்கில் வந்து நிற்கும். வரிசையில் நிற்கும் பெண்களின் விரல்களில் டார்ச் அடித்துப் பார்த்து, "நீ ஏறு" என்பார் கங்காணி. வாய் திறந்து கேட்பவளுக்கு அன்றைக்கு இடம் இருக்காது.

டீச்சர் அதைக் கேட்டுவிட்டு இரண்டு விதிகளைச் சொன்னார். வேலை வேண்டுமென்றால் முன்னால் வந்து, ஏன் எனக்குத் தர வேண்டும் என்று சொல்ல வேண்டும். விடுப்பு எடுத்தால் நாமே ஒரு "பதிலாள்" பிடித்து, அவருக்கு வேலையைப் பழக்கிவிட்டுத்தான் போக வேண்டும். வகுப்பிலேயே அழகான கையெழுத்து என்னுடையதுதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லி வருகைப் பதிவு வேலையை வாங்கினேன். அதை இன்றைக்கும் சொல்வேன்.

ஏலக்காய் சீசன் தொடங்கிய வாரம், சனிக்கிழமை காலையில் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "சித்தி மாசமா இருக்கா, இனி மேட்டுக்கு வரமாட்டா. ரெண்டு ரெண்டு பேராத்தான் காயெடுக்க விடுவாக, ஜோடி இல்லாம கங்காணி ஏத்தமாட்டாரு. திங்கக்கெழமையில இருந்து நீ வா ஆத்தா. இந்த ஒரு சீசன் மட்டும்."

ஒரு சீசனுக்கென்று போன எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் யாரும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவளே நான் ஒருத்திதான். அழுதால் அம்மாவும் அழுவாள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் நடக்காது. நான் பதிலாள் தேடிக் கிளம்பினேன்.

தெருவில் எல்லாருக்கும் ஜோடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான், அந்த ஆடியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருந்த பொன்னுத்தாயி அக்காவின் நினைவு வந்தது. அம்மாவுக்கு ஜோடியாக மேட்டுக்கு வருவீர்களா என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "ஏத்தா, எனக்குத் தெராட்சத் தோட்டந்தான் தெரியும். ஏலக்காய நான் பாயாசத்துலதான் பாத்திருக்கேன்."

அம்மா பேசக் கேட்டதையெல்லாம் அவருக்குச் சொன்னேன்: செடியின் அடியில் தரையோடு தரையாகக் காய்க்கும், முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும், பூ ஒடிந்தால் ஏச்சு விழும். "பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் படுத்தேன்.

திங்கட்கிழமை விடியுமுன்னே அம்மா இரண்டு தூக்குவாளியில் சோறு கட்டியிருந்தாள். நான் பள்ளிச் சீருடையில் வந்து நின்றேன். "இந்தத் துணியோட எங்கனடி வர்ற?" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே முக்குக்கு நடந்தாள். வரிசையில் அக்காவைக் காணவில்லை. டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு கையாகத் தாண்டி அம்மாவின் விரலில் வந்து நின்றது.

"ஜோடி யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். அதே நேரம் இருட்டுக்குள்ளிருந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பொன்னுத்தாயி அக்கா ஓடிவந்தார்.

"இவுகதான் ஜோடி, மாமா" என்றேன். அம்மாவின் பிடி எலும்பில் இறங்கியது.

"இவளுக்குக் காயெடுக்கத் தெரியுமா?"

"தெராட்சக் கொல ஒரு பழம் உதிராம வெட்டுவாக. பூ ஒடியாம காயெடுக்க அந்தக் கைதான மாமா வேணும்?"

டார்ச் என் விரலைப் பார்க்கவில்லை, முகத்துக்கு ஏறியது. கண் கூசியும் நான் குனியவில்லை. "இந்தப் புள்ள வக்கீலுக்குப் படிக்குதாக்கும்?" என்றார் கங்காணி. யாரோ சிரித்தார்கள். பிறகு, "ஏறு" என்றார்.

யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. பொன்னுத்தாயி அக்கா ஏறினார். அம்மாவும் என் கையை விட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். ஜீப் உறுமி நகர்ந்தபோதுதான் பின்பக்கத்திலிருந்து குனிந்து இரண்டாவது தூக்குவாளியை என்னிடம் நீட்டினாள். "பள்ளிக்கூடத்துல வச்சுத் தின்னு."

இன்று அல்லிநகரத்தில் ஓர் அலுவலகத்தில், ஆளெடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வரும் சில பெண்கள், கேள்வி கேட்குமுன்னே கைகளை மேசைமேல் எடுத்து வைத்துவிடுகிறார்கள். அவர்கள் வாய் திறக்கும்வரை நான் காத்திருக்கிறேன். டீச்சர் மறு வருஷமே மாற்றலாகிப் போனார். வில்லைகளும் அவரோடு போயின. என்னிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பொன்னுத்தாயி அக்கா என் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னார்: "பெரிய ஆளாயிட்ட. எனக்கு ஒரு பதிலாளு பாத்துக் குடு ஆத்தா, முட்டி போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முக்கில் இப்போதும் விடியுமுன்னே ஜீப் வருகிறது. அந்த வரிசையில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் இப்போது நிற்பதில்லை. அக்கா நிற்கிறார்.