கண்ட்ரோல் எண்டரும் திலகா அக்காவின் முதல் பக்கமும்

இன்று காலை கெலுகோர் வீட்டிலிருந்தபடி, ஆபீஸ் சாட்டில் மேலதிகாரிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வரிக்குப் போகலாமென்று கண்ட்ரோலோடு எண்டரைத் தட்டினேன். "இன்றைக்கு முடியாது சார்" என்பது மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. நாளை காலை முதல் வேலையாக அனுப்புகிறேன் என்ற மரியாதையெல்லாம் விரலிலேயே நின்றுவிட்டது.

அதே இரண்டு விசைதான், நண்பரே. கடிதம் அடிக்கும் மென்பொருளில் புதுப் பக்கம் திறக்கும். கணக்குக் கட்டத்தில் நகராமல் அங்கேயே நிற்கும். மின்னஞ்சலிலோ கேட்காமல் கொள்ளாமல் அனுப்பிவிடும். இதையெல்லாம் செய்கிறவர்கள் ஒருநாளாவது ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீரைக் குடித்துப் பேசித் தொலைத்திருக்கக் கூடாதா? எரிச்சலில் என்னுடைய தே ஆறி, ஆடை கட்டிவிட்டது. ஆறிய தேயின் வாசனை வந்தால் எனக்குப் பீச் ஸ்ட்ரீட் ஞாபகம் வரும்.

அங்கே ஒரு கப்பல் சரக்கு ஆபீசில்தான் முதல் வேலை. பக்கத்து மேசை திலகா அக்கா. மேனேஜர் மீது கோபம் வந்தால் அக்கா வாய் திறக்க மாட்டார், டைப் அடிப்பார். முதல் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தில் தமிழ் வசவு. பிறகு கண்ட்ரோல் எண்டர். இரண்டாம் பக்கத்தில் பணிவே உருவான ஆங்கிலக் கடிதம். அச்சுக்குப் போவது அது மட்டும்தான். முதல் பக்கத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். சிரித்து முடித்ததும் அழித்துவிடுவார். பாதி வசவு எனக்குப் புதிது.

ஒரு வருடம் தைப்பூசத்துக்கு முதல் நாள், ரத ஊர்வல நாளுக்கு லீவு கேட்டார். பால்குட வேண்டுதல். மேனேஜர் மறுத்துவிட்டார். அந்த வாரம்தான் கடிதத்தை நிறுத்தி, எல்லாம் மின்னஞ்சல் என்று மாற்றியிருந்தார்கள். அக்கா மேனேஜர் முகவரியைப் போட்டார், வழக்கம்போல ஆசை தீரத் திட்டினார், புதுப் பக்கத்துக்காகக் கண்ட்ரோல் எண்டரைத் தட்டினார்.

"ஐயோ தம்பி, புது பேஜ் வரலையே. அடிச்சதெல்லாம் காணோம்லா!"

எனக்கு விளங்குவதற்குள் மேனேஜர் அறைக்கதவு திறந்தது. மனிதர் தமிழர்தான், ஆனால் ஆபீசில் ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"லீவு அப்ரூவ்லா, திலகா. திரும்பி வர வேணாம்."

அக்கா பால்குடம் எடுத்தார். வேலை போனது போனதுதான். சுங்கை பாக்காப்பில் தங்கை வீட்டோடு இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது குளுகுளு காப்பிக்கடை. எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது. ஒருத்தியின் பிழைப்பையே கெடுத்த விசை, இன்றைக்கும் இடத்துக்கு ஒரு புத்தியோடுதான் இருக்கிறது.

மேலதிகாரியிடமிருந்து பதில் வந்திருக்கிறது. "ஓகே" என்று ஒரே வார்த்தை. அவரைத் திட்ட என்னிடமும் நிறைய இருக்கிறது. வாசித்துச் சிரிக்கப் பக்கத்து மேசைதான் இல்லை.